‘பாட்டி’ என்று எழுதுகிறாள், ‘அமுச்சி’ என்று பேசுகிறாள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பேச ஆரம்பித்தால் வீடே உட்கார்ந்து கேட்கும். கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் நோட்ஸைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் தனியாக எழுத்துப் பயிற்சி தருவதாகச் சொல்கிறார். வகுப்பில் கிடைக்காதது இதில் என்ன கிடைத்துவிடும்? அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். முதல் இரண்டு வகுப்புகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேனா யார் கையில் இருக்கிறது? அவர் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டே போக, உங்கள் மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தால் அது இன்னொரு டியூஷன்தான். அவள் நோட்டில் அவளே அடித்து அவளே எழுதினால் தொடரட்டும்.

பள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது நோட்டுக்குத் தலா இரண்டு நிமிடம் என்றாலும் எண்பது நிமிடம் ஆகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ஆசிரியரால் ஒற்றுப்பிழையைச் சுழிக்கலாம், ‘நன்று’ போடலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் நான்சி சாமர்ஸ் என்பவர் ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்து 1982இல் எழுதினார். பெரும்பாலான குறிப்புகளை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து வேறொன்றில் ஒட்டினாலும் பொருந்திப் போகிறது என்பது அவர் கண்டது. இன்னொன்றும் சொன்னார். குறிப்பைப் படித்ததும் பிள்ளை தான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதப் போய்விடுகிறது. நம் ஊரில் இதற்கு மேல் ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ என்று சட்டகம் வேறு இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு அது வேண்டும். ஆனால் பத்து வருடம் அதையே எழுதிய பிள்ளைக்கு, தான் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது.

தனிப் பயிற்சி அந்த இரண்டையும் ஒட்ட வைக்கும் வேலை. எப்படி என்று விளக்குவதைவிட, ஈரோட்டில் என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் புரியும். மஞ்சள் விவசாயி மகள். ‘எங்கள் ஊர்’ என்று ஒரு பக்கம் எழுதி வந்திருந்தாள். இயற்கை எழில் கொஞ்சியது, வாய்க்கால் சலசலத்தது, விவசாயம் நாட்டின் முதுகெலும்பாக இருந்தது. நடுவே ஒரு வரி: ‘அறுவடைக் காலத்தில் என் பாட்டி எங்கள் வீட்டிற்கு வருவார்.’

“யாரு, அப்பாவோட அம்மாவா?”

“இல்லீங்க, அமுச்சி. அம்மாவோட அம்மா.”

“வந்து என்ன பண்ணுவாங்க?”

அவ்வளவுதான் கேட்டேன். அப்புறம் கால் மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. “மஞ்ச வேக வெக்கறப்ப அப்பா ராத்திரி பூரா தூங்க மாட்டாருங்க. எனக்கு அந்த வாசமே ஆகாது. யூனிஃபார்ம்ல, தலையில எல்லாம் ஏறிக்கும். பஸ்ல பக்கத்துல உக்கார்ற புள்ள ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. அமுச்சி வந்தா மட்டும் அப்பா குச்சியில குத்திப் பாக்க மாட்டாரு. அது ஆவிய மோந்து பாத்தே வெந்துருச்சுன்னு சொல்லிரும்.”

“இப்பச் சொன்னதை அப்படியே எழுதுமா, பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: ‘அமுச்சி வந்திருந்தால் அப்பா குச்சியைத் தேட மாட்டார்.’ வாக்கியம் முழுக்க முழுக்க எழுத்துத் தமிழ். குரல் அவளுடையது. கடைசியில் பழக்கத்தில் அந்த ‘நாட்டின் முதுகெலும்பு’ வந்து நின்றிருந்தது. “இது யார் சொல்றது, நீயா அமுச்சியா?” என்றேன். சிரித்துக்கொண்டே அவளே அடித்தாள். பஸ்ஸில் பக்கத்துப் பெண் திரும்பிக்கொண்டதை மட்டும் அன்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அதுவாகவே வந்தது.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. டொனால்டு மர்ரே என்று ஒருவர், பத்திரிகைத் தலையங்கங்களுக்காக 1954இல் புலிட்சர் பரிசு பெற்றவர், பிறகு கல்லூரியில் எழுத்து கற்பித்தார். மாணவர் தன் வரைவைப் பற்றி முதலில் பேசட்டும், ஆசிரியர் அதற்குப் பின்னால் போகட்டும் என்பது அவருடைய வழி. கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான், ஒரு பிள்ளை யோசிக்கும்போது அரை நிமிடம் சும்மா இருப்பது நமக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆசிரியர் அந்த அரை நிமிடத்தைத் தருகிறாரா என்று பாருங்கள்.

வட்டார வழக்கு பற்றி ஒரு வார்த்தை. ‘அமுச்சி’, ‘ஒறம்பரை’, ‘கட்டுத்தரை’, ‘பொடக்காலி’ இதெல்லாம் எழுதினால் தப்பாகிவிடுமோ என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டது. பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். உறவுப் பெயர், பொருளின் பெயர், பிறர் பேசிய பேச்சு இந்த மூன்றும் ஊர்ச்சொல்லாகவே இருக்கட்டும், வாக்கியத்தின் இலக்கணம் பொதுத்தமிழில் இருக்கட்டும் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். பொதுத்தேர்வுத் தாளில் சட்டகப்படி எழுதச் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு பத்தியாவது தான் கண்ணால் பார்த்ததை எழுத இடமிருக்கும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் இரண்டு மாதம் நோட்டு முன்பைவிட அலங்கோலமாகத் தெரியும். அடித்தல் திருத்தல் கூடும், ற-ர, ண-ன பிழைகூடக் கொஞ்சம் கூடலாம், ஏனென்றால் மனப்பாட வரிகளில் பிழை வராது, சொந்த வரிகளில்தான் வரும். அந்த நேரத்தில் ‘காசு குடுத்து அனுப்புனா இப்படியா எழுதறே’ என்று கேட்டுவிடாதீர்கள். எழுத்துப் பயிற்சி மையங்களைப் பற்றி ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதியதை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வதுண்டு: கையிலிருக்கும் கட்டுரையைவிட அதை எழுதுகிறவரை வளர்ப்பதுதான் அங்கே வேலை. பிழை திருத்தம் கடைசி வாசிப்பில், அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை மட்டும். படிப்பதிலேயே திணறுகிற, எழுத்துகளைத் திரும்பத் திரும்ப மாற்றிப் போடுகிற பிள்ளை என்றால் பேச்சு வேறு, அதற்குக் கற்றல் குறைபாடு பார்க்கும் நிபுணர் வேண்டும். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இருப்பதாக உங்கள் கேள்வியிலிருந்து தெரியவில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவள் வீட்டாருக்கு ஏதாவது சொல்லும்போது, அவளிடம் கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அவளே கேட்டு, அதிலிருந்து அரைப்பக்கம் எழுதட்டும். செயலியிடம் கொடுத்து ‘நல்லா மாத்திக் குடு’ என்று கேட்பது மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அது முதலில் வெட்டிப்போடுவது அமுச்சியைத்தான்.

முதல் வகுப்புக்குப் போகும்போது பரிசு வாங்கிய கட்டுரையைக் கொடுத்தனுப்பாதீர்கள். எழுத ஆரம்பித்து, பிடிக்காமல் பாதியில் விட்டது ஏதாவது இருக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.