ஏற்காட்டில் 600 படம், மனதில் ஒன்றும் இல்லை

நண்பரே, ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபின் ஏற்காட்டில் ஒரே நாளில் 600 படம் எடுத்தும், ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை என்கிறீர்கள். எனக்கும் இதே கதைதான். ரோலில் 36தான் என்ற கட்டுப்பாடு போனதுதான் கோளாறு.

எடுத்ததும் திரையில் படம் தானாகத் தெரிவதை அணைத்துவிட்டேன். ஒரே லென்ஸ். 36 ஆனதும் கேமரா பைக்குள் போய்விடும். போன மாதம் லேடீஸ் சீட் காட்சிமுனையில் கைப்பிடிச் சுவர்மேல் கேமராவை வைத்து, கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தபடி இருபது நிமிடம் நின்றேன். அழுத்தியது ஒரே ஒரு முறை. கையிலிருந்த மிளகாய் பஜ்ஜி ஆறிப்போனது வேறு விஷயம்.

வெளிச்சத்தைத் தாராளமாக விடும் ஃபிலிம் பழக்கத்தை மட்டும் விடுங்கள். கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூடினாலும் பிரிண்டில் சரிக்கட்டலாம். டிஜிட்டலில் வெள்ளைப் பகுதி விவரமில்லாமல் வெளுத்தால் போனதுதான். ஆனால் மூடுபனியில், வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 (ஒரு ஸ்டாப் கூடுதல்) வைத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், படங்களை ஒரு வாரம் கழித்துத்தான் கணினியில் ஏற்றுகிறேன். ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த படபடப்பு கொஞ்சம் திரும்பி வருகிறது.