அந்தப் பெண் சொல்வதைக் கோர்ட் நம்புமா?

கேள்வி: குழந்தைகள் இல்லம் ஒன்றில் காப்பாளராக வேலை பார்க்கிறேன். இங்குள்ள 15 வயதுப் பெண்ணை, இல்லத்துக்கு நன்கொடை தரும் ஒருவர் அடிக்கடி காரில் வெளியே கூட்டிப் போகிறார். புது போனும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதையெல்லாம் போன வாரம் அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். ஆனால், "அவர் என் மேல பாசமா இருக்கார்" என்றும் சொல்கிறாள். நிர்வாகியோ, "ரெண்டு தடவை ஓடிப்போன பொண்ணு, பொய் சொல்லும். கேஸ் நிற்காது, இல்லத்தின் பேர்தான் கெடும்" என்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இன்றே புகார் கொடுங்கள். நிர்வாகியின் அனுமதி உங்களுக்குத் தேவையில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

"பாசம்" என்று அவள் சொல்வதால் வழக்கு கெட்டுவிடாது. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. கேட்க ஆளில்லாத பிள்ளையிடம் பரிசும் பாசமும் காட்டி வளைப்பதுதான் இப்படிப்பட்டவர்களின் வழி.

நிர்வாகி சொன்ன அதே காரணத்தை இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சிறுமிகளைச் சீரழித்த கும்பல் பற்றிய வழக்கில் அரசு வழக்கறிஞர்களே சொன்னார்கள். ஒரு சிறுமி துணிந்து புகார் கொடுத்தும், "இவள் சாட்சி எடுபடாது" என்று 2009-ல் வழக்கைக் கைவிட்டார்கள். அப்புறம் அந்தப் பகுதிக்குத் தலைமை அரசு வழக்கறிஞராக வந்த நசீர் அஃப்சல் அந்த முடிவை மாற்றினார். 2012-ல் ஒன்பது பேருக்குத் தண்டனை கிடைத்தது. நம் நாட்டிலும் பீகாரின் முசாஃபர்பூரில் காப்பகச் சிறுமிகளைச் சீரழித்த வழக்கில் 2020-ல் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளின் வாக்குமூலமும் கோர்ட்டில் நிற்கும்.

அது நிற்க, நீங்கள் இப்போது செய்வது முக்கியம். அவள் சொன்னதை, தேதி, நேரத்தோடு அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அவள் கொச்சையாகச் சொல்லியிருந்தால் அதையும் திருத்த வேண்டாம். துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த போனை யாரும் நோண்டவோ அழிக்கவோ விடாதீர்கள். வெளியே போன நேரம் எழுதும் பதிவேடு, வாசல் கேமரா பதிவு, கார் நம்பர் எல்லாம் அவள் பேச்சுக்குத் துணை நிற்கும். பதிவேடு காணாமல் போவதற்குள் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். போலீசைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வாக்குமூலம் வாங்க வரும் போலீசார் சீருடையில் வரக்கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போலீசே தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள்.

எனக்குக் கவலை அதற்கப்புறம் வரும் மாதங்களைப் பற்றித்தான். ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் பல வழக்குகள் இழுக்கின்றன. அதற்குள் சமரசம் பேச ஆள் வருவார்கள். தனியாக விடப்பட்ட பிள்ளை, "எதுவும் நடக்கல" என்று சொல்லிவிடும். வழக்கு நடக்கும் காலத்தில் அவளுக்குத் துணை நிற்க ஒரு உதவியாளரை நியமிக்கச் சொல்லி நலக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். வேறு இல்லத்துக்கு மாற்றினால் அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். சாட்சி சொல்லும்போது அவள் நம்பும் ஒருவர் கூட இருக்க கோர்ட் அனுமதிக்கும். அவள் உங்களைக் கேட்டால், லீவு போட்டுவிட்டுப் போங்கள்.