ஈரலும் விஷமா? வைட்டமின் ஏ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போது கொஞ்சம் ஈரலும் சேர்த்துப் போடச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். என் தம்பி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ‘வைட்டமின் ஏ சத்தே இல்லை, அது விஷம், அதனால்தான் உடம்பு அதை ஈரலில் கொண்டுபோய் ஒதுக்கி வைக்கிறது’ என்கிறான். முட்டை, பால், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். சில மாதமாக உடம்பு லேசாக இருக்கிறதாம். அவன் சொல்வது சரியா? (காரிமங்கலம் வாசகர்)

பதில்: தம்பி சொல்வதில் கால்பங்கு உண்மை. அந்தக் கால்பங்கை வைத்துத்தான் அந்த வீடியோக்கள் ஓடுகின்றன, எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈரல், முட்டை, பால், நெய், மீன் போன்றவற்றில் இருப்பது ரெட்டினால் என்ற நேரடி வைட்டமின் ஏ. இது கொழுப்பில் கரைவது. வைட்டமின் சி கொஞ்சம் கூடிப்போனால் சிறுநீரோடு போய்விடும், இது போகாது, ஈரலில் சேரும். வரம்பு மீறிச் சேர்ந்தால் கெடுதல்தான். தலைவலி, வாந்தி, தோல் உரிதல், முடி கொட்டுதல், எலும்பு வலி, கடைசியில் ஈரலே பழுதாகும். 1597-இல் வட துருவப் பக்கம் பனியில் சிக்கிக்கொண்ட டச்சுக் கப்பல்காரர்கள் பனிக்கரடியின் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்து கிடந்ததாக அவர்களில் ஒருவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பனிக்கரடி ஈரலில் வைட்டமின் ஏ அவ்வளவு அடர்த்தி. நல்லவேளை, நம் கறிக்கடைகளில் பனிக்கரடி தொங்குவதில்லை.

மீதி முக்கால்பங்கு தவறு. ஈரல் அதை ஒதுக்கித் தள்ளவில்லை, சேமித்து வைக்கிறது. உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி ஈரலில் அதற்கென்றே உள்ள செல்களில் இருக்கிறது. தேவைப்படும்போது ஒரு புரதத்தோடு சேர்த்து ரத்தத்தில் அனுப்பிவைக்கிறது. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் நிறமிக்கு மூலப்பொருளே இதுதான். இதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் முதலில் மாலைக்கண் வரும், பிறகு கண் வறண்டு, முற்றினால் கருவிழியே கரைந்துபோகும். இப்படிப் பார்வை போன குழந்தைகள் நம் நாட்டில் ஏராளமாக இருந்ததால்தான் 1970-இல் மத்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தையே கொண்டுவந்தது. விஷத்தைக் கொடுத்து யாருக்கும் மாலைக்கண் போகாது.

இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள். களிக்கு முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறாரா? மாம்பழம் சாப்பிடுகிறாரா? அவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினை அவருடைய குடலே எடுத்து அதே ரெட்டினாலாக மாற்றிக்கொள்கிறது. சுமார் 12 மைக்ரோகிராம் கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் ரெட்டினால் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கையிருப்பு போதுமான அளவு இருந்தால் இந்த மாற்றத்தை உடம்பு தானே குறைத்துக்கொள்ளும். விஷம் என்றால் கீரையிலிருந்து அதை வேலை மெனக்கெட்டுத் தயாரிப்பானேன்?

‘சில மாதமாக நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கும் விளக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், போருக்குப் போக மறுத்த சிலர் தாங்களே முன்வந்து வைட்டமின் ஏ இல்லாத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு ஆகியும் தெளிவான குறை எதுவும் தெரியவில்லை, ஒரு சிலருக்குத்தான் இருட்டில் பார்வை மங்கியது. ஈரலில் அவ்வளவு இருப்பு. தம்பியும் இப்போது பழைய இருப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். வறுத்தது பொரித்ததையும் கூடவே நிறுத்தியிருந்தால் உடம்பு லேசாகத் தெரிவதற்கு அதுவே போதும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஈரலுக்கு வருவோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் அளவு எவ்வளவு என்று தெரியாமல் அந்தப் பழமொழியால் என்ன பிரயோஜனம்? ஆண்களுக்கு நாளொன்றுக்கு 1,000, பெண்களுக்கு 840 மைக்ரோகிராம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. பெரியவர்கள் தினமும் தொடர்ந்து எடுக்கும்போது தாண்டக் கூடாத வரம்பு 3,000 மைக்ரோகிராம். அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 100 கிராம் பச்சைச் செம்மறி ஈரலில் சுமார் 7,400 மைக்ரோகிராமும், கோழி ஈரலில் சுமார் 3,300-ம் இருக்கிறது. ஆடு என்ன மேய்ந்தது, எந்த வயதில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும்.

கால் கிலோ ஈரல் வாங்கி நான்கு பேர் சாப்பிட்டால் தலைக்கு அறுபது கிராம் சொச்சம், அதாவது 4,500 மைக்ரோகிராம் அளவில் வரும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 650 மைக்ரோகிராம்கூட ஆகவில்லை. தாராளமாக வாங்குங்கள். தினமும் ஈரல், வாரத்தில் நாலு நாள் ஈரல் என்று போனால்தான் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று அறிவுரை சொல்கிறார்கள், அது நல்ல அளவுகோல். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒன்றிரண்டு துண்டு போதும். தினமும் குடிப்பவர்கள் விஷயம் தனி. மதுவும் வைட்டமின் ஏ-யும் சேர்ந்தால் ஈரலுக்கு இரட்டை அடி. சரக்குக்குத் தொட்டுக்கொள்ள ஈரல் வறுவல் என்ற கூட்டணி மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்கு நல்லது என்று ஆன்லைனில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். வந்ததில் ‘காட் லிவர் ஆயில்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? கூடவே ஒரு மல்டிவைட்டமினும் போடுகிறேன். (ஓசூர் வாசகர்)

பதில்: ஒன்றல்ல. மீன் எண்ணெய் என்பது மீனின் சதையிலிருந்து எடுப்பது, ஒமேகா கொழுப்புக்காக விற்பது, அதில் வைட்டமின் ஏ பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. காட் லிவர் ஆயில் காட் என்ற குளிர்க்கடல் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 1,350 மைக்ரோகிராம் இருக்கும். மாத்திரையில் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

வைட்டமின் ஏ விஷயத்தில் என் பயமெல்லாம் கறிக்கடையைப் பற்றியது அல்ல, மாத்திரைப் பாட்டிலைப் பற்றியது. ஈரலைத் தினமும் தின்றால் நாக்கே திகட்டி நிறுத்திவிடும். மாத்திரைக்கு அந்தத் தடை கிடையாது. மல்டிவைட்டமின், காட் லிவர் ஆயில், முடிக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, ஜிம் பவுடர் என்று ஐந்து டப்பா வீட்டில் இருந்தால் ஐந்திலும் வைட்டமின் ஏ இருக்கலாம். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, பின்பக்கம் பார்த்துக் கூட்டுங்கள்.

கூட்டும்போது ஒரு சிக்கல் வரும். சிலர் மைக்ரோகிராம் என்று போடுவார்கள், சிலர் யூனிட் என்று போடுவார்கள். ரெட்டினாலில் ஒரு யூனிட் என்பது 0.3 மைக்ரோகிராம். எனவே 10,000 யூனிட் என்றால் 3,000 மைக்ரோகிராம், அதாவது அன்றைய வரம்பு முடிந்தது. மருந்துக் கடைகளில் 25,000 யூனிட் மாத்திரைகூட உண்டு. அது குறை உள்ளவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துக் குறிப்பிட்ட நாள் சாப்பிட வேண்டியது, ‘கண்ணுக்கு நல்லது’ என்று நாமே வாங்கிப் போட்டுக்கொள்வது அல்ல. ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிடேட் என்று இருந்தால் அது நேரடி வைட்டமின் ஏ. பீட்டா கரோட்டின் என்று இருந்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றால் அந்த மாத்திரையும் வேண்டாம். 1990-களில் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று கூடுதலாக வந்தது.

உங்கள் கேள்விக்கு: பார்வையில் குறை இருந்தால் கண் டாக்டரைப் பாருங்கள். குறை இல்லை என்றால் இரண்டில் ஒன்றைக் குறைப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: என் மகளுக்கு இது மூன்றாவது மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாரம் மூன்று நாள் சமைத்துப் போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம் என்கிறார். (பென்னாகரம் வாசகி)

பதில்: அம்மா, இந்த விஷயத்தில் அக்கா சொல்வதைக் கேளுங்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மாதங்களில் நேரடி வைட்டமின் ஏ மிகுதியானால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்து உண்டு. அதனால் பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலையே தொடக் கூடாது என்கிறார்கள். வைட்டமின் ஏ குறை பரவலாக உள்ள நாடுகளில் நிலைமை வேறு, அங்கும் கர்ப்பிணிக்கு நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வாரம் மூன்று நாள் ஈரல் என்பது அதை எளிதில் தொட்டுவிடும். இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம், அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவரை ஈரலை நிறுத்திவையுங்கள்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். அதில் இரும்புச்சத்து நிறைய, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. எனவே சுவரொட்டியைத் தொடரலாம், நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைதான் முதலில், சுவரொட்டி அதற்குத் துணை. முட்டை, பால், கீரை எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 80 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். மகள் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எப்போதாவது சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. கர்ப்ப காலத்தில் அதைத் தொடவே கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் செக்கப் வரை காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் குழந்தைக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தார்கள். இரண்டு லட்சம் யூனிட் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் வரம்பைவிட எத்தனையோ மடங்கு ஆயிற்றே? (அரூர் வாசகி)

பதில்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பதால்தான் அந்த அளவு. ஈரலில் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு லட்சம். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு நாள் வாந்தியோ தலைவலியோ இருக்கும், போய்விடும். அட்டையில் தேதி குறித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன இடத்தில் மறுபடி கொடுத்துவிடக் கூடாது.

கேள்வி: எண்ணெய் பாக்கெட்டிலும் பால் பாக்கெட்டிலும் வைட்டமின் ஏ சேர்த்தது என்று போட்டிருக்கிறது. சேர்ந்து சேர்ந்து அதிகமாகிவிடாதா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: ஆகாது. செறிவூட்டிய எண்ணெயில் கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம், பாலில் லிட்டருக்கு 270 முதல் 450 மைக்ரோகிராம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஒருவர் நாளைக்கு 25 கிராம் எண்ணெயும் அரை லிட்டர் பாலும் எடுத்தால்கூட 500 மைக்ரோகிராமைத் தாண்டாது. செக்கு எண்ணெயில் இப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் ஒரு குடி மூழ்கிவிடாது, கீரை சாப்பிட்டால் போதும்.

கேள்வி: மாம்பழ சீசனில் என் பையனுக்கு உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா, வைட்டமின் ஏ கூடிவிட்டதா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கரோட்டின் செய்யும் வேலைதான், தோட்டத்தில் பழம் குறையும்போது நிறமும் போய்விடும், கெடுதல் இல்லை. கண் மஞ்சளாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: வைட்டமின் ஏ விஷத்தை ஈரலிலிருந்து வெளியேற்றும் பொடி என்று விளம்பரம் பார்த்து 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டேன். கூடவே ரத்தப் பரிசோதனை வேறு செய்யச் சொல்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (பர்கூர் வாசகர்)

பதில்: பரிசோதனைக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஈரல் ரத்தத்தில் ரெட்டினால் அளவை ஏறக்குறைய ஒரே சீராக வைத்திருக்கும். இருப்பு வற்றும் நிலைக்கு வந்தால்தான் அது இறங்கும். சேமிப்பு எவ்வளவு என்பது அந்த எண்ணில் தெரியாது. பொடியைப் பொறுத்தவரை, வைட்டமின் ஏ கூடியவருக்குச் சிகிச்சையே அதை மேலும் உள்ளே போகாமல் நிறுத்துவதுதான். வெளியே இழுத்துப் போடும் பொடி எதுவும் மருத்துவத்தில் இல்லை.

விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. டப்பாவின் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஆன்லைன் விற்பனையாளர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொய் விளம்பரத்துக்காக மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனியாக ஒரு புகார் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பிரிக்காத டப்பா இருந்தால் பிரிக்காமலே வைத்திருங்கள்.