படத்துக்குக் கீழே பொடி எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அங்கே விற்கும் கேட்டலாக்கை வாங்கிவிடுவேன். இப்போது அலமாரியில் இடமில்லை. கிரேக்க மண்கலங்கள் பற்றி மட்டுமே இரண்டு தடிப் புத்தகங்கள். பெரிய மியூசியங்கள் தங்கள் வெளியீடுகளை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. உண்மையைச் சொன்னால் நான் பார்ப்பது படங்களை மட்டும்தான்; ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்று சொல்லும் பின்பக்கப் பட்டியலை ஒருநாளும் படித்ததில்லை. எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை எடைக்குப் போடலாம்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் அலமாரியைத்தான் ஒழித்துக்கொண்டிருந்தேன். பதில் இத்தனை சீக்கிரம் வருவது அதனால்தான்.

இலவச விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2012 முதலும் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி (Getty) மியூசியம் 2014 முதலும் தங்கள் பழைய நூல்களை இணையத்தில் தருகின்றன. நல்லது, இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

பின்பக்கப் பட்டியலை ஒருநாளும் படித்ததில்லை என்று ஏதோ பெருமைபோலச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பது வேறு விஷயம். இருபது வயதில் என் கையில் ஒரு மண்கலக் கேட்டலாக் கிடைத்தது. பிளேடால் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டினேன். கீழே இருந்த பொடி எழுத்து வரிகளை ஒட்ட நறுக்கி எறிந்தேன், பக்கத்தின் அழகு கெடுமாம்! நோட்டு இன்னும் இருக்கிறது. பசை மஞ்சளாகிவிட்டது. நாற்பது கலங்கள்; ஒன்றுகூட எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்று இன்று சொல்ல முடியாது.

அந்த வரியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரே ஒரு உதாரணம். மெட்ரோபாலிடனில் 1972.11.10 என்று ஒரு எண். முதலில் இருப்பது பொருள் உள்ளே வந்த ஆண்டு. மதுவில் தண்ணீர் கலக்கும் பெரிய கலம் அது. யூஃப்ரோனியோஸ் என்ற கிரேக்க ஓவியர் வரைந்து கையெழுத்திட்டது, கி.மு. 515 வாக்கில். ட்ராய் போரில் இறந்துபோன வீரன் சர்ப்பிடோனை உறக்கம், மரணம் என்ற இரு தெய்வங்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து தூக்குகிறார்கள். காயங்களிலிருந்து ரத்தம் மெல்லிய சிவப்புக் கோடுகளாக வழிகிறது. கொடுத்த விலை சுமார் பத்து லட்சம் டாலர். பெய்ரூட் வியாபாரி ஒருவரின் குடும்பத்தில் பல காலம் இருந்தது என்று சொன்னார்கள். உண்மையில் ரோமுக்கு வடக்கே செர்வெத்தேரியில், 1971 கடைசியில், கல்லறையைத் தோண்டித் திருடியது. 2006-இல் இத்தாலியோடு உடன்பாடு ஏற்பட்டதும் எண் எல்.2006.10 ஆனது. எல் என்றால் இரவல். 2008-இல் கலம் ஊர் திரும்பியது.

முப்பத்தைந்து வருடச் சண்டை, படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் நீங்கள் படிக்காத அந்த வரிதான்! இணையப் பக்கத்தில் வரியை மாற்றினால் பழையது என்னவாக இருந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. விற்றுப்போன புத்தகத்துக்குள் புகுந்து யாரும் திருத்த முடியாது. பிடிஎஃப்பும் அப்படித்தானே என்பீர்கள். சரி, இறக்கி வைத்திருந்தால்.

ஆகவே எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் பின்பக்கத்தைப் பிரியுங்கள். ஐரோப்பிய ஓவியமானால், நாஜிகள் யூதர்களிடமிருந்து ஓவியங்களைப் பறித்த 1933-க்கும் 1945-க்கும் நடுவே அது யாரிடம் இருந்தது என்று தேடுங்கள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லையா, பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ‘தனியார் சேகரிப்பு, சுவிட்சர்லாந்து’ என்று மொட்டையாக இருந்தால் இரண்டு கோடு. கைமாறிய கதையை விரிவாகச் சொல்லும் நூல் இருக்கட்டும். இயக்குநரின் முன்னுரையும் நன்கொடையாளர்களுக்கு நன்றியும் பளபளப்புத் தாளும் மட்டுமே உள்ளது போகட்டும்.

கண்காட்சி கேட்டலாக்குகளில் மட்டும் அவசரம் வேண்டாம். பல நாட்டிலிருந்து இரவல் வாங்கி மூன்று மாதம் ஒரே சுவரில் மாட்டிய ஓவியங்கள் அப்புறம் திசைக்கொன்றாகப் போய்விடும். அவை சேர்ந்திருப்பது அந்தப் புத்தகத்தில்தான். நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர் வேறு.

அந்த கிரேக்கப் புத்தகங்கள் இரண்டையும் தொடாதீர்கள். என் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். உங்கள் புத்தகத்தில் ஏதாவது ஒரு கலம் அகப்பட்டால் கீழே உள்ள வரியை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள்.