திருச்சியில் டிராம் ஓடியதுண்டா? லைட் மெட்ரோ வருமா?

டிராம் ஓடியதாக நான் அறிந்ததில்லை. டிராம் என்றால் சென்னைதான். 1895-இல் தொடங்கி 1953-இல் நின்றது. திருச்சிக்கு வந்தது பெரிய ரயில். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861-இல் தண்டவாளம் போட்டார்கள், மறு வருஷமே திருச்சியைத் தொட்டது. அப்புறம் நாகையில் இருந்த ரயில்வே பணிமனையும் 1928-இல் திருச்சியின் பொன்மலைக்கு வந்துவிட்டது. (நாகைக்காரர்களுக்கு அந்த வருத்தம் உண்டு, நியாயம்தான்.)

சரி, இனிமேல்? திருச்சி மெட்ரோவுக்கான சாத்தியக்கூறு ஆய்வில் இரண்டு தடங்கள் சொன்னார்கள்: சமயபுரம் – வயலூர், துவாக்குடி – பஞ்சப்பூர். இரண்டும் சேர்ந்து சுமார் 45 கி.மீ. லைட் மெட்ரோ என்பது குறைந்த பெட்டி, குறைந்த எடை, அதனால் தூணும் நிலையமும் சிறிது, செலவும் குறைவு.

சிக்கல் மக்கள்தொகை. 20 லட்சத்துக்குக் குறைந்த ஊர் என்று காரணம் காட்டி கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கில் திருச்சி மாநகராட்சி 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதனால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்லி மனை விற்றால் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், கையில் இருப்பதை முதலில் பயன்படுத்தலாம். திருவெறும்பூர், பொன்மலை, ஜங்ஷன், டவுன், ஸ்ரீரங்கம் எல்லா இடத்திலும் ஏற்கெனவே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மெயின்கார்டு கேட் பக்கம் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். அரை மணிக்கு ஒரு மெமு (குறுந்தூர மின்சார ரயில்) விட்டாலே போதும் என்று தோன்றும்.