கடல் இல்லாத சேலத்தில் நிலக்காட்சிப் படம் எடுக்க என்ன இருக்கிறது?

தூத்துக்குடியில் இருந்து வேலை மாற்றலாகி வந்திருக்கிறேன், ஞாயிறு காலை கடற்கரையில் கேமராவோடு நின்று பழகிவிட்டேன், இங்கே எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடலைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு உப்பளத்தைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது. உப்பளம் எடுத்த கைக்கு சேலம் புதுசே இல்லை. இந்த ஊரும் வெள்ளைதான்.

நான் கொலுசுப் பட்டறைக்காரன். ஆறு நாள் வெள்ளி, ஏழாவது நாள் கேமரா. அதனால் இதை ஒரு தொழில்முறைக்காரர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரையும் போல ஏற்காட்டில்தான் தொடங்குவீர்கள். சரி, தொடங்குங்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் பொழுது சாயும்போது நின்றால் கீழே சேலம் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொள்வது தெரியும். அந்தப் படம் என்னிடம் நாற்பது இருக்கிறது, ஒன்றைக்கூடத் திரும்பத் திறந்ததில்லை. ஏரியும் அப்படித்தான். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைப்பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள்.

போக வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். ராத்திரி மழை பெய்து, விடிவதற்குள் வானம் வெறித்துவிட்டால், இருட்டோடு கிளம்பி பக்கோடா பாயிண்டுக்குப் போய்விடுங்கள். (பெயரைக் கேட்டுத் தின்பண்டக் கடை தேடியவர்கள் உண்டு. கோபுரம் மாதிரி அடுக்கிய கற்குவியல்களால் வந்த பெயர் அது.) தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மழை விட்டுப்போன ஈரம் அங்கேயே மேகமாகக் கட்டிக்கொள்ளும். வெயில் ஏறும்வரை அது அசையாது. மேலே நின்று பார்த்தால் கரடுகளின் தலை மட்டும் தீவு தீவாகத் தெரியும். உங்களுக்குக் கடல்தானே வேண்டும், அலைச் சத்தம் இல்லாத கடல் இது.

ஆனால் பத்து முறை போனால் எனக்கு இரண்டு முறைதான் வாய்த்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் மேகம் கீழே நிற்காமல் நம் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு நாள், ட்ரைபாட் போட்டு ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவனைப் பார்த்து டீக்கடை அண்ணன், “ஏங்க, வெறும் வெள்ளையப் புடிக்கவா பெட்ரோல் போட்டுட்டு வந்தீங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. டீ மட்டும் நன்றாக இருந்தது.

இப்போது அந்த நாட்களில் காப்பித் தோட்ட ஓரமாக நடக்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி. நிழலுக்கு சில்வர் ஓக், அதன் உடம்பெல்லாம் மிளகுக்கொடி. பங்குனி வாக்கில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்கப் பூத்துவிடும். கிட்டே போய்ப் பாருங்கள்: கிளையின் கணுவுக்குக் கணு, இலைக் காம்பை ஒட்டி, வெள்ளை நூலைச் சுற்றி வைத்தது போல அப்பியிருக்கும். மல்லிகை வாசம். மூன்று நான்கு நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். போன வருடம் கல்யாணம் ஒன்றில் மாட்டிக்கொண்டு ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தேன். தேநீர்த் தூள் கொட்டிய மாதிரி இருந்தது.

மலைக்குக் கீழே இன்னொரு வெள்ளை, எங்கள் ஆட்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளுக்குத் தீச்செங்கல் செய்ய வெட்டியது. மேக்னசைட் என்ற பெயரிலேயே ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. சுரங்கத்துக்குள் கேமராவோடு நுழைய நினைக்காதீர்கள், மலைமேல் இருந்தே அந்த வெட்டுக்கள் நன்றாகத் தெரியும்.

என் மனசுக்கு நெருக்கமானது ஜவ்வரிசிக் களம். ஆத்தூர் பக்கம், தை மாசியில். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் எடுத்து, அடியில் தங்கும் மாவை உருட்டி, வறுத்து, களத்தில் கொட்டிக் காயவைக்கிறார்கள். நல்ல உச்சி வெயிலில் போங்கள். நிலக்காட்சிக்காரர்கள் கேமராவை மூடும் நேரம்தான், ஆனால் களம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால், பலகையால் கோதிவிடும் அக்காக்களின் முகத்தில் நிழலே விழாது. தாடைக்கு அடியிலும் முக்காட்டுக்கு உள்ளேயும் வெளிச்சம் இருக்கும். உப்பளத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதல் முறை அங்கே எடுத்த படம் எல்லாம் சாம்பல் கொட்டிய மாதிரி வந்தது. கேமராவுக்கு வெள்ளை என்றால் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளையை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மணி மணியாகத் தெரிய வேண்டியது ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். பட்டறையில் மெருகு அதிகமாக ஏறிய கொலுசும் அப்படித்தான், பளபளப்பில் அரும்பு வேலையே கண்ணுக்குத் தெரியாது. எத்தனையோ கொலுசை அப்படிக் கெடுத்தவன், கேமராவில் அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.

உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுக் களத்தில் இறங்குங்கள். தரை சுடும், அதைச் சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததும் நான் போகிறேன். வருவதென்றால் பைக்கில் பின்சீட் காலிதான், ட்ரைபாடை மட்டும் நீங்கள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.