ரிலாக்சர் போட்ட முடி பாதியில் முறிகிறது

6 வாரத்துக்கு ஒருமுறை முழு நீளத்துக்கும் ரிலாக்சர் (சுருள் முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்) பூசுவதாகச் சொல்கிறீர்கள். முறிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் முடியின் கந்தகப் பிணைப்புகளை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. ஏற்கெனவே நேரான பகுதியில் மறுபடி பட்டால் பலம்தான் போகும். கண்டிஷனரால் அதை மீட்க முடியாது.

இனி 8 முதல் 12 வாரம் இடைவெளி விட்டு, புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் பூசுங்கள். பழைய முடிக்கு முன்னதாகவே வாசலின் தடவிவிடுங்கள். கழுவும்போது, மிஞ்சிய காரத்தை நீக்கும் நியூட்ரலைசிங் ஷாம்பூவை, நுரையில் நிறம் மாறுவது நிற்கும் வரை திரும்பத் திரும்பப் போடுங்கள். அவசரத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இது. புரோட்டீன் சிகிச்சை மாதம் ஒருமுறை போதும், மிஞ்சினால் முடி விறைத்து ஒடியும். தயோகிளைகோலேட் என்ற வேறு ரசாயனத்தால் முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்டனிங்கை இதன்மேல் செய்யவே வேண்டாம். உச்சந்தலையில் புண் இருந்தால் ஆறும்வரை ரிலாக்சரைத் தொடாதீர்கள்.